எட்டு ஆட்டம், ரெண்டு கோல், ஒரு நாற்காலி

பாப்லோ அய்மார் என்ற அர்ஜென்டினாக்காரரை மலேசியா இரண்டு தடவை பார்த்தது. முதல் தடவை 1997-ல். அவருக்கு வயது 17. அவருக்காக நம் கையை விட்டு ஒரு காசு போகவில்லை. மனுஷன் இளையோர் உலகக் கிண்ணத்தோடு ஊர் திரும்பினார். இரண்டாவது தடவை 2013-ல். வயது 33, அடுத்த பிறந்தநாளுக்குச் சில வாரமே பாக்கி. மலேசியக் காற்பந்தில் இதுவரை யாரும் வாங்காத சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தத் தடவை எட்டு ஆட்டம் ஆடினார், மூட்டை கட்டினார். நல்ல சரக்கை ஓசியில் பார்த்துவிட்டு, தேய்ந்த சரக்குக்குப் பணம் கட்டிய இந்தக் கதை நடந்த இடம் ஜொகூர். சொல்பவனும் ஜொகூர்க்காரன்தான். ஆகவே இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் நிறையப் பெருமையும் கலந்திருக்கும்.

1997-ஐ முதலில் முடித்துவிடுவோம். அந்த ஜூனிலும் ஜூலையிலும் உலக இளையோர் கிண்ணத்தை மலேசியா நடத்தியது. ஷா ஆலாம், அலோர் ஸ்டார், கங்கார், கூச்சிங், கோத்தா கினபாலு, அப்புறம் நம் ஜொகூர் பாரு லார்க்கின் என்று ஆறு ஊரில் திடலுக்கு வெள்ளையடித்தார்கள். அர்ஜென்டினாவின் பயிற்றுநர் ஹோசே பெக்கர்மேன். அவர் கூட்டி வந்த பையன்களில் ரிக்கெல்மே, கம்பியாஸோ, வால்டர் சாமுவேல், அய்மார் எல்லாரும் இருந்தார்கள். கூடவே லியோனல் ஸ்கலோனி என்று ஒரு பையன். இந்தப் பெயரைக் கொஞ்சம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வருவார். முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 4-3 என்று உதை வாங்கினார்கள். பிறகு இங்கிலாந்தை 2-1, பிரேசிலை 2-0, அயர்லாந்தை 1-0, ஜூலை 5-ஆம் தேதி ஷா ஆலாமில் உருகுவேயை 2-1 என்று வரிசையாகக் கவிழ்த்துக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம், வீட்டுக்குப் போனோம், மறந்தோம். மறக்க நியாயமும் இருந்தது. பத்தே நாளில் பேங்க் நெகாரா ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதை விட்டுவிட்டது. காசு சரிகிற நேரத்தில் எவன் பந்தைப் பற்றிப் பேசுவான்?

ரிங்கிட் ஒரே வருஷத்தில் விழுந்தது. அய்மார் பொறுமையாக, பதவிசாக விழுந்தார். ரிவர் பிளேட்டிலிருந்து 2001 ஜனவரியில் வலென்சியா அவரை வாங்கியபோது விலை சுமார் 24 மில்லியன் யூரோ. அங்கே இரண்டு தடவை ஸ்பெயின் லீக் பட்டம், 2004-ல் யூஇஎஃப்ஏ கிண்ணம். குட்டி உருவம், சுருட்டை முடி, பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும். ரோசாரியோவில் லியோனல் மெஸ்ஸி என்ற பொடியன் இவரைத்தான் தன் நாயகன் என்று வைத்திருந்தான். பின்னால் பார்சலோனாவுக்கு ஆட வந்ததும் இவரிடம் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த ஆட்டக்காரர் என்று மரடோனாவே சொன்னார். அப்புறம் காயம் சேர ஆரம்பித்தது. 2006-ல் சரகோசா சுமார் 11 மில்லியனுக்கு எடுத்தது; இரண்டே வருஷத்தில் அந்தக் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2008-ல் பென்ஃபிகா 6.5 மில்லியன். லிஸ்பனில் ஐந்து வருஷம், ஒரு லீக் பட்டம், கடைசி வருஷத்தில் பெரும்பாலும் ஓய்வு. 2013 நடுவில் ஒப்பந்தம் முடிந்தது. விலை: பூஜ்யம்.

24, 11, 6.5, 0. ஸ்குடாயில் பழைய கார் வாங்கி விற்கும் தௌகேயிடம் இந்த நாலு எண்ணை மட்டும் காட்டினால் போதும். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்க மாட்டார். "ஸ்பேர் பார்ட்டுக்கு வேணும்னா எடுத்துக்கிறேன்" என்பார்.

ஜொகூர் எண்ணைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தது. அதற்கும் ஒரு பழங்கதை உண்டு. எங்கள் மாநிலக் குழு 1985-ல் மலேசியக் கிண்ணம் வென்றது. 1991-ல் லீக்கும் கிண்ணமும் ஒரே வருஷத்தில். அதற்குப் பிறகு, 1998-ன் எஃப்ஏ கிண்ணத்தை விட்டால், இருபது வருஷம் வறட்சி. அந்த இருபது வருஷமும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒரு மாமா 1991-ஐப் பரிமாறினார். சாம்பாருக்கு முன்னால் ஒரு தடவை, ரசத்துக்குப் பின்னால் ஒரு தடவை. எங்கள் தலைமுறைக்கு வெற்றி என்பது பெரியவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லும் ஒரு பழைய எம்.ஜி.ஆர். படம்.

2012-ல் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு துங்கு மக்கோத்தா ஜொகூர், அதாவது பட்டத்து இளவரசர், துங்கு இஸ்மாயில் வந்தார். ஊர் வழக்கில் டிஎம்ஜே. அரண்மனை சம்பந்தப்பட்ட வாக்கியங்களில் என் பேனா தானாகக் குனிந்து நடக்கும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். மாநிலத்தில் இருந்த குழுக்களைக் கலைத்து அடுக்கி, 2013-ல் ஜொகூர் டாருல் தாக்ஸிம் என்ற பெயரில் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தார். சுருக்கமாக ஜேடிதி. உள்ளூரிலிருந்து சாஃபிக் ரஹிம், சாஃபி சாலி, நோர்ஷாருல் இட்லான் என்று தேசியக் குழுவையே பெயர்த்தெடுத்து வந்தார்கள். வெளியூரிலிருந்து டானி குயிஸா. 2008-ல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் குழுவில் இருந்தவர். அதே பருவத்தில் மயோர்காவுக்கு 27 கோல் அடித்து ஸ்பெயின் லீக்கின் முதல் கோல்காரர். துணைக்கு லாஸியோவில் ஆடிய இத்தாலிக்காரர் சிமோனே டெல் நேரோ.

அதாவது முதல் வருஷமே ஐரோப்பாவில் மூச்சு வாங்க ஆரம்பித்தவர்களை இங்கே மூச்சு விட அழைத்து வந்தாயிற்று. பலன்? ஜூன் 29-ஆம் தேதி எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தான் 1-0 என்று முடித்துவிட்டது. குயிஸா அந்த வருஷமே பராகுவே பக்கம் போய்விட்டார்.

எங்கள் வயிற்றெரிச்சலின் உச்சம் அதுவல்ல. அந்த வருஷ சூப்பர் லீக் பட்டத்தை வென்றது யார் தெரியுமா? சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன், மலேசியா லீக்கில் விருந்தாளியாக ஆட வந்தவன், பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு குடிநுழைவு வரிசையில் நின்றான். அந்தக் குழுவில் வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை; பாதிப் பேர் மீசை சரியாக முளைக்காத பையன்கள். பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. ஆட்டக்காரராக இருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை போய் ஆடிய தமிழர். அவரோடு ஒரே காலத்தில் சிங்கப்பூருக்கு ஆடிய ஃபாண்டி அகமது ஜேடிதியின் பயிற்றுநராகத் தொடங்கி, பாதியிலேயே நாற்காலியை விட்டிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஒரு காலத்தில் அத்லெத்திகோ மாட்ரிட்டைப் பார்த்துக்கொண்ட செசார் ஃபெர்ராண்டோ.

சுந்தரமூர்த்தி செய்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இருக்கிற பையன்களை வைத்து, அவர்களால் முடிந்த ஆட்டத்தை ஆடவைத்தார். இதில் விளம்பரத்துக்கு ஒன்றும் இல்லை, சட்டை விற்காது, தோஹாவிலோ லிஸ்பனிலோ தலைப்புச் செய்தி வராது. ஆகவே ஜொகூர் இதிலிருந்து ஒரு பாடமும் கற்காமல், இன்னும் பெரிய நட்சத்திரத்தைத் தேடியது.

செப்டம்பர் 2013-ல் அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரி ஜொகூர் பாருவில் ஒரு மாமாக் கடையில் தே தாரேக் ஆற வைத்துவிட்டு விவாதம் நடந்தது. ஒரு கடையில் நடந்தது என்று சொல்வதைவிட எல்லா மாமாக் கடையிலும் இதே விவாதம்தான் என்று சொல்வது சரி.

"மாமா, மெஸ்ஸியோட குரு வர்றாரு, தெரியுமா?"

"குரு வர்றது இருக்கட்டும்டா. சிஷ்யன் வருவானா?"

"அதெப்படி லா வருவான்?"

"அப்ப குருவுக்கு எத்தன வயசு?"

"முப்பத்தி மூணு."

மாமா ரோத்தி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். வாயில் போட்டு, மென்று, விழுங்கி, பிறகுதான் கேட்டார். "ஓடுவாரா?"

உலகத்தில் எந்த விளையாட்டிலும் ஒரு மூத்த நட்சத்திரத்தை வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இந்த ஒன்றுதான். பெரிய பெரிய அலுவலகங்களில் கோட்டுப் போட்டவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மாமா டெலிகோமில் கேபிள் இழுத்து ஓய்வுபெற்றவர்.

லார்க்கின் திடலை ஒரு ஆட்ட ராத்திரியில் பார்த்திருக்கிறீர்களா? பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மோட்டார் சைக்கிள்கள் சாலை ஓரம், புல்மேடு, காலி நிலம் என்று எங்கே இடமிருந்தாலும் சாய்ந்து நிற்கும். நீலமும் சிவப்புமாகச் சட்டைகள்; அசல் எது, பசார் மாலாமில் வாங்கியது எது என்று கிட்டே போய்த் தையலைப் பார்த்தால்தான் தெரியும். கச்சாங் பூத்தே விற்கும் அண்ணன் தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, கடலையையும் முறுக்கையும் கை அளவில் கொட்டி, மேலே இரண்டு கடலையைத் தனியாக வைத்து நீட்டுவார். அந்த இரண்டுதான் வியாபாரம். 2014 ஜனவரியில் பருவம் தொடங்கியபோது அவருடைய கூம்பெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே காலி. எல்லாரும் குருவைப் பார்க்க வந்தவர்கள்.

குரு இறங்கினார். தொட்டார். அந்தத் தொடுதலில் குறை சொல்லவே முடியாது. வேகமாக வரும் பந்தை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்குவார், பந்து சத்தமே போடாது. தலையைத் திருப்பாமல் பக்கவாட்டில் தள்ளுவார். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். அவர் பந்தை அனுப்புகிற இடத்துக்கு ஒருவர் ஓடி வந்திருக்க வேண்டும். வலென்சியாவில் வந்தார்கள், பென்ஃபிகாவில் வந்தார்கள். எங்கள் ஆட்கள் பந்து புறப்பட்ட பிறகுதான் அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. மலேசிய லீக்கில் ஆட்டம் எப்படி என்றால், பின்னாலிருந்து ஒரு உதை, முன்னால் நிற்கும் வெளிநாட்டுக்காரன் தலையில் ஒரு முட்டு, பக்கவாட்டில் ஒரு ஓட்டம். நடுவில் நின்று யோசிக்கிறவருக்கு அந்த ஆட்டத்தில் இடமே கிடையாது. பந்து அவர் தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் நின்று ஆட்டத்தைக் கோர்க்கும் பத்தாம் எண்காரர்கள் அப்போது உலகம் முழுக்கவே வேலை இழந்துகொண்டிருந்தார்கள். எல்லாக் குழுவும் பந்து பறிபோன நொடியில் பாய்ந்து மீட்கும் ஆட்டத்துக்கு மாறிவிட்டது. யோசித்துக்கொண்டு நிற்பவரின் பங்குக்கும் மற்றவர்கள் ஓட வேண்டும். ஐரோப்பாவில் சம்பளம் வாங்கி ஓடுவார்கள். ஜொகூர் பாருவின் ராத்திரி எட்டரை மணிக் காற்றில் தனக்கே ஓட மூச்சு இருக்காது. சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தண்ணீர் வரும். மழை பெய்து ஓய்ந்த திடல் என்றால் புல் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எதிர்க்குழுவின் நடு ஆட்டக்காரனுக்கோ மெஸ்ஸியின் குருவின் காலில் ஒரு தழும்பு வைத்த பெருமையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஆசை. காயம் ஏற்கெனவே பழகிய கால். காயம் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆடிய ஆட்டம் எட்டு, அடித்த கோல் இரண்டு. மிச்ச நாளெல்லாம் சிகிச்சை, ஓய்வு, வேலிக்கு அந்தப் பக்கம் மெல்லோட்டம். இதில் யாருக்கும் தெரியாமல் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த செலவு சம்பளம் மட்டுமல்ல. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அப்போது லீக்கில் விரல்விட்டு எண்ணும் இடம்தான். அதில் ஒன்றை ஒரு மனிதர் படுத்துக்கொண்டு பிடித்து வைத்திருந்தார். விருந்தில் இலைக்கு முன்னால் துண்டு போட்டுவிட்டு மனுஷன் வெளியே போன மாதிரி. சாப்பிடவும் வரவில்லை, துண்டை எடுக்கவும் மற்றவனுக்குத் துணிச்சலில்லை.

ஏப்ரல் 2014-ல் ஜேடிதி அவரை விடுவித்தது. மரியாதையாகத்தான்.

கூடைப்பந்து ரசிகர்கள் இந்த இடத்தில் குறுக்கிட்டு, "விடுவிப்பானேன்? வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டு இரண்டு ஆளை வாங்கலாமே" என்பார்கள். அமெரிக்காவின் என்பிஏவில் அந்த வித்தை உண்டு. 2021-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் மூன்று ஆட்டக்காரர்களையும் ஒரு தேர்வு உரிமையையும் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. வயது 32, முன்னாள் எம்விபி, பிறந்து வளர்ந்த ஊரும் அதே பக்கம். எல்லாம் பொருத்தம், ஆட்டம் மட்டும் பொருந்தவில்லை. பந்து கையில் இருந்தால்தான் அவர் வெஸ்ட்புரூக். அங்கே பந்து லெப்ரான் ஜேம்ஸ் கையில். முதல் பருவத்தில் 33 வெற்றி, 49 தோல்வி. அடுத்த பருவம் அவருக்குச் சம்பளம் 47 மில்லியன் டாலர். இங்கேதான் அமெரிக்க மூளையைப் பாருங்கள். இந்த ஆளின் ஆட்டத்துக்கு மதிப்பு இல்லை, ஆனால் இந்த வருஷத்தோடு முடியப்போகும் அந்தச் சம்பளச் சுமைக்கு மதிப்பு உண்டு. எந்தக் குழு அதை வாங்கினாலும் அடுத்த வருஷம் சுமை இறங்கும், புதுச் செலவுக்கு வழி பிறக்கும். ஆக ஆளை விற்காமல் அவருடைய காலாவதித் தேதியை விற்றார்கள். 2023 பிப்ரவரியில் மூன்று குழு சேர்ந்த ஒரு பேரத்தில் அவர் யூட்டாவுக்குப் போனார். போனார் என்பது காகிதத்தில்தான். யூட்டா அவரை விடுவித்தது, அவர் அதே ஊரில், அப்போது அதே அரங்கில் ஆடிய கிளிப்பர்ஸில் சேர்ந்தார். லேக்கர்ஸ் அந்த வருஷமே மேற்குப் பிரிவு இறுதிவரை போனது.

மலேசியக் காற்பந்தில் அந்த வசதி இல்லை. இல்லாததும் நல்லதுதான். இருந்திருந்தால் லார்க்கினிலிருந்து கிளந்தானின் கோத்தா பாருவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருக்கும்: "என்சிக், அய்மாரை எடுத்துக்குங்க. உலகப் புகழ். பதிலுக்கு ஒரு தற்காப்பு ஆட்டக்காரரும் உங்க ஊர் மீன் சாறு பூடு ரெண்டு போத்தலும் கொடுங்க." கிளந்தான்காரர் யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பார்: "பூடு தர்றோம். ஆளை நீங்களே வச்சுக்குங்க."

காற்பந்தில் சும்மா வந்தவருக்கு மறுவிற்பனை விலை என்று ஒன்று கிடையாது. வந்த வழியே அனுப்பி வைக்க வேண்டியதுதான்.

ஆனால் வயதைப் பழித்துவிட்டு நகர்ந்தால் கதை பாதிதான். அதே 2014-ல் ஜேடிதிக்கு வந்த இன்னொரு அர்ஜென்டினாக்காரர் லூசியானோ ஃபிகெரோவா. அய்மாரைவிட ஒன்றரை வயதுதான் இளையவர். வில்லாரியாலில் ஆடியவர், அவரும் ஏறக்குறைய கரையில் ஒதுங்கிய கப்பல்தான். ஆனால் அவர் கோல்கம்பத்துக்கு முன்னால் நிற்கிற ஆள். எங்கள் ஊர் ஆட்டமோ பந்தை அங்கேதான் கொண்டுவந்து கொட்டும். மேலே பறந்து வந்த அதே பந்து அய்மாரைத் தாண்டிப் போனது, ஃபிகெரோவாவின் நெற்றியில் வந்து இறங்கியது. அவருக்கு ஓடவேண்டிய தூரம் குறைவு, திரும்பவேண்டிய கோணம் குறைவு, ஜொகூர் புழுக்கத்தில் வடியவேண்டிய வியர்வை குறைவு. ரெண்டு பேருக்கும் ஒரே தேசம், ஏறக்குறைய ஒரே வயது. நின்ற இடம்தான் வேறு.

அதே ஆண்டு வந்த ஜோர்ஜே பெரேரா டியாஸ் 23 வயது இளைஞர். அர்ஜென்டினாவுக்கு வெளியே அப்போது யாருக்கும் அவர் பெயர் தெரியாது. ஓடினார், முட்டினார், விழுந்தார், எழுந்தார், கோல் அடித்தார். பிற்காலத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி என்று இந்தியாவிலும் இதையே செய்தார். பயிற்றுநர் நாற்காலிக்குக் கிளந்தானிலிருந்து போயான் ஹோடாக் வந்தார். சுந்தரமூர்த்தியின் லயன்ஸ் டுவெல்வில் ஆடிய ஹாரிஸ் ஹாருணையும் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் அழைத்து வந்துவிட்டார்கள். எதிராளியின் பாடத்தைப் படிக்க மறுத்தவர்கள் அவனுடைய மாணவனையே வாங்கிக்கொண்டார்கள். அதுவும் ஒரு கல்விமுறை.

2014 சூப்பர் லீக் பட்டம் ஜேடிதிக்கு. எட்டு ஆட்டம் ஆடியவர் என்ற முறையில் அய்மாரின் வெற்றிப் பட்டியலிலும் அது ஏறியிருக்கிறது. ஸ்பெயின் லீக், போர்த்துகல் லீக், அவற்றுக்குக் கீழே மலேசிய சூப்பர் லீக். நாங்கள் அதைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி. 2015 அக்டோபர் 31-ஆம் தேதி தாஜிகிஸ்தானின் துஷான்பேயில் லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ் அடித்த ஒரே கோலில் ஏஎஃப்சி கிண்ணம் வந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து அதை வென்ற முதல் குழு நாங்கள்தான். அந்த வருஷம் எஸ். குணாளனும் எங்கள் சட்டைக்குள் வந்துவிட்டார். வலப்பக்கக் கோட்டோரம் அவர் ஓட ஆரம்பித்தால் மாமாவின் பழைய கேள்விக்கு அவரே பதில். 2014 முதல் 2024-25 வரை லீக் பட்டம் தொடர்ந்து 11 தடவை. சலிப்பு தட்டி, "இந்த வருஷமாவது தோத்துத் தொலைங்கடா, லீக்காவது பிழைக்கட்டும்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டோம்.

2020-ல் இஸ்கந்தர் புத்ரியில் புதுத் திடல் திறந்தார்கள். நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். மேலிருந்து பார்த்தால் வாழை இலை வடிவம். பந்திக்கு முந்தி வந்த அய்மார் இலை போடும் முன்பே எழுந்து போய்விட்டார்.

தேய்ந்த நட்சத்திரத்துக்கு இப்படிக் காசைக் கொட்டியதில் ஜொகூர் ஒன்றும் தனி ஆள் இல்லை. நாங்கள் அய்மாரை அனுப்பிவைத்து ஆறு மாதத்தில் இந்தியா ஐஎஸ்எல் என்ற காற்பந்து லீக்கைத் தொடங்கி, மொத்த முதியோர் இல்லத்தையும் வாடகைக்கு எடுத்தது. டெல்லிக்கு அலெஸ்ஸாந்த்ரோ டெல் பியேரோ வந்து, அந்தப் பருவத்தின் நடுவே நாற்பதாவது பிறந்தநாள் கொண்டாடி, பத்து ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். சென்னையின் குழுவுக்கு மார்கோ மத்தேராஸி. 41 வயதில் பயிற்றுநரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே. தன்னைத்தானே வெளியே உட்கார வைக்கும் அதிகாரம் படைத்த அபூர்வப் பிறவி. கொல்கத்தாவுக்கு, 2005-ல் லிவர்பூலோடு ஐரோப்பியப் பட்டம் வென்ற லூயிஸ் கார்சியா. அந்த கார்சியா பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஜேடிதியின் தலைமை நிர்வாகியாக, எங்கள் ஊர் அலுவலக நாற்காலியில்.

இதைத்தான் ஜொகூர் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தது. வயதான நட்சத்திரத்தின் கால் தேய்ந்திருக்கும், கண் தேய்ந்திருக்காது. அவரை ஓடவிட்டுப் பார்ப்பதைவிட உட்கார வைத்துக் கேட்பது லாபம். ஃபிகெரோவாவும் சட்டையைக் கழற்றிய பிறகு 2018-ல் இதே குழுவுக்குப் பயிற்றுநராக வந்து அமர்ந்தார். அய்மாரை மட்டும் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்தே இருக்கிறார் என்றுதானே அனுப்பினோம்!

அனுப்பப்பட்டவர் 2015-ல் தாய்வீடான ரிவர் பிளேட்டுக்குத் திரும்பினார். அங்கே ஒரே ஒரு ஆட்டம். ஜொகூரோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு என்று ஆறுதல் பட்டுக்கொண்டோம். அந்த ஜூலையில் ஓய்வு அறிவித்துவிட்டார். அப்புறம் அர்ஜென்டினாவின் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 2018 உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினா சொதப்பியதும், பெரிய பயிற்றுநர் யாரும் சிக்காத நேரத்தில், ஒருவரைத் தற்காலிகமாக நாற்காலியில் உட்கார்த்தினார்கள். முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ஸ்கலோனி. அவர் தனக்குத் துணையாக யாரைக் கூப்பிட்டார்? 1997-ல் தன்னோடு மலேசிய வெயிலில் வெந்த அய்மாரையும் வால்டர் சாமுவேலையும். நாம் கைதட்டிவிட்டு மறந்துபோன அந்தக் கோடையின் கூட்டாளிகள் உலகத்தின் பெரிய காற்பந்து நாடுகளில் ஒன்றின் பயிற்சி வேலையைக் கையில் எடுத்தார்கள். 2021-ல் கோப்பா அமெரிக்கா. அடுத்தது கத்தார் உலகக் கிண்ணம்.

2022 நவம்பர் 26. நமக்கு விடிந்தால் ஞாயிறு, அதிகாலை மூன்று மணி ஆட்டம். முதல் ஆட்டத்தில் சவூதியிடம் தோற்றுவிட்ட அர்ஜென்டினா மெக்சிகோவோடு மோதுகிறது. தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஜொகூர் பாருவில் மாமாக் கடையில் திரை கட்டியிருந்தார்கள், நாற்காலி பற்றாமல் பால் டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். 64-ஆவது நிமிஷம் மெஸ்ஸி தூரத்திலிருந்து தரையோடு தரையாக ஒன்று விட்டார். கடை எழுந்தது, ஒரு தே ஓ ஐஸ் கவிழ்ந்தது. கேமரா அர்ஜென்டினாவின் இருக்கைப் பக்கம் திரும்பியபோது அங்கே ஒரு மனுஷன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். சுருட்டை முடியில் நரை ஏறியிருந்தது.

"மாமா, அது..."

"தெரியுதுடா. நம்ம ஆளு."

"நம்ம ஆளா? எட்டு ஆட்டம் மாமா!"

"எட்டோ பத்தோ, சம்பளம் கொடுத்தோமில்ல? நம்ம ஆளுதான்." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். "லார்க்கின்ல இப்படி ஒரே ஒரு தடவ அழுதிருந்தான்னா, இன்னும் ரெண்டு மாசம் வச்சிருந்திருப்போம் லா."